விடுதிப் பள்ளியும் ஆசிரியரின் மனநிறைவும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற கல்வி அமர்வில், உண்டு உறைவிடப் பள்ளியொன்றில் 32 ஆண்டுகள் கணித ஆசிரியராகவும் விடுதிக் காப்பாளராகவும் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மஹல்லாவாசி ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

 

‘கல்வியின் சிறப்பு’ என்னும் தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அத்தலைப்பில் நமது ஆண்டு மலரில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. என்னைக் காட்டிலும் கற்றறிந்த ஆலிம் பெருமக்கள் எழுதியிருக்கிறார்கள். எனவே அவர்களிடம் அனுமதி பெற்றுத் தலைப்பை மாற்றிக்கொண்டேன். இரண்டு நிகழ்ச்சிகளே அதற்குக் காரணம்.

நமது ஹிஃப்ழ் மதரஸா விடுதியில் கடந்த ஐந்து ஆண்டுகளில் மூன்று உஸ்தாதுகள் பணியை விட்டுச் சென்றுவிட்டார்கள். இது ஒன்று. மற்றொன்று, இந்த மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து, வெளியூர் விடுதிப் பள்ளியொன்றில் பணி நியமனம் பெற்றார். அவருடைய தாயார் என்னிடம் வந்து, “இவ்வளவு படிக்கவைத்தது விடுதியில் கிடந்து பிள்ளை மேய்க்கவா அண்ணே? நீங்கள்தான் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்” என்றார். முப்பத்திரண்டு ஆண்டுகள் அதே வேலையைச் செய்தவனிடம்தான் கேட்கிறோம் என்பது அச்சகோதரிக்கு அப்போது நினைவில் இல்லை. எனக்கும் உடனே பதில் சொல்ல வரவில்லை.

நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நல்ல உஸ்தாத் வேண்டும், நல்ல விடுதி ஆசிரியர் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறோம். ஆனால் நம் மகன் அந்த உஸ்தாதாக, அந்த ஆசிரியராக ஆகக் கூடாது என்றும் விரும்புகிறோம். இந்த முரண்பாட்டை நினைத்தே, விடுதியில் தங்கிப் பணிபுரியும் ஆசிரியர் அப்பணியில் எதை நேசிக்கிறார், எதனால் அங்கே நிலைத்திருக்கிறார் என்பதைச் சொல்ல வந்தேன்.

முதலில் அந்த வாழ்க்கை எத்தகையது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஃபஜ்ருக்கு முன் எழுந்து, எழ மறுக்கும் நாற்பது ஐம்பது பிள்ளைகளை எழுப்ப வேண்டும். குளியலறை வாசலில் வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டும். ஒருவனுக்குச் சோப்புக் காணாமற்போயிருக்கும், மற்றொருவனுக்குச் சொறி. அதன்பின் பகல் முழுவதும் வகுப்பு. அஸருக்குப் பின் விளையாட்டு, மஃரிபுக்குப் பின் இரவுப் படிப்பு, இஷாவுக்குப் பின் உணவு, விளக்கணைத்தல். நள்ளிரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவு தட்டப்படும். காய்ச்சல் இல்லாத இரவுகளில், புதிதாகச் சேர்ந்தவன் போர்வைக்குள் அழும் ஓசை கேட்கும். இவற்றையெல்லாம் இனிமையானவை என்று நான் சொல்ல மாட்டேன். சலித்துப்போன நாட்கள் எனக்கும் உண்டு. இரண்டு முறை விலகல் கடிதம் எழுதி, கொடுக்காமலே கிழித்துப்போட்டிருக்கிறேன்.

இவ்வுரைக்காக என்னோடு பணியாற்றியவர்கள் சிலரைத் தொலைபேசியில் அழைத்து, “இப்பணியில் உங்களுக்கு எது பிடித்தது?” என்று கேட்டேன். மாணவர் பெற்ற மதிப்பெண்ணையோ பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையோ ஒருவரும் சொல்லவில்லை. இதை நிர்வாகிகள் கவனிக்க வேண்டுகிறேன்.

தமிழாசிரியர் கடிதங்களைப் பற்றிச் சொன்னார். கைபேசி வருவதற்கு முன் ஒவ்வொரு வாரமும் பிள்ளைகள் இன்லேண்ட் தாளில் வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள். ‘நான் கண்ட பொருட்காட்சி’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரிக்கு மேல் நகராத மாணவன் ஒருவன், தன் நன்னிக்கு எழுதிய கடிதத்தில், விடுதிக் கூரை ஒழுகியதையும், வாளியில் விழுந்த சொட்டுகளைப் படுத்தபடியே எண்ணியதையும், எந்த எண்ணில் தூங்கிப்போனான் என்பதையும் எழுதியிருந்தானாம். அவன் கொண்டுவந்து காட்டியபோது இவர் அதில் ஒரு பிழையும் திருத்தவில்லை. “வகுப்பில் மட்டும் அவனைப் பார்த்திருந்தால் இவனுக்குத் தமிழ் வராது என்று முடிவு கட்டியிருப்பேன்” என்றார்.

அறிவியல் ஆசிரியர் சொன்னது ரமளான் பிறை பார்க்க மொட்டை மாடிக்கு ஏறிய மாலைகளை. (பிறை விவகாரத்திற்குள் நான் நுழையப் போவதில்லை, நிர்வாகிகள் அஞ்ச வேண்டாம்.) பாடவேளையில் வாய் திறக்காத பிள்ளைகள் அங்கே கேள்விமேல் கேள்வி கேட்பார்களாம். அமாவாசை நேரம் கடந்த உடனே பிறை ஏன் தெரிவதில்லை? சூரியனை விட்டுச் சில பாகைகளாவது விலகினால்தான் ஒளிக்கீற்று கண்ணுக்குப் புலப்படும் என்றும், அதற்குள் அது சூரியனுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுகிறது என்றும் விளக்குவார். பிறையின் வளைவு ஏன் சூரியன் மறைந்த பக்கம் பார்த்திருக்கிறது? மேற்கே மின்னும் அந்த வெள்ளி ஏன் நட்சத்திரம்போல் சிமிட்டவில்லை? அன்றைய பாடம் இஷாவுக்குப் பாங்கு சொல்லும் வரை நீளும். பிறை தெரிந்ததோ இல்லையோ, வானம் பார்க்கத் தெரிந்த சில பிள்ளைகள் கிடைத்தார்கள் என்பது அவருடைய கணக்கு.

உடற்கல்வி ஆசிரியர் சுருக்கமாகவே பேசினார். வகுப்பில் கடைசி மாணவன் எவனோ அவன் ஆடுகளத்தில் நியாயமான தலைவனாக இருப்பதைத் தாம் மட்டுமே பார்த்ததாகவும், அதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொன்னதுதான் தம் பணிக்காலத்தின் சிறந்த நாள் என்றும் சொன்னார்.

ஹிஃப்ழ் பிரிவு ஹஸ்ரத் அவர்கள் கூறியதை நீங்கள் குறிப்பாகக் கேட்க வேண்டும். ஒரே சூராவை ஆண்டுதோறும் இருபது பிள்ளைகளிடம் கேட்கிறீர்களே, அலுப்புத் தட்டாதா என்றேன். “இருபது பேரும் தடுமாறும் இடம் ஒன்றல்லவே” என்றார்கள். ஒருவன் ஒத்த வசனங்களில் வழிமாறி வேறு சூராவுக்குள் போய்விடுவான். மற்றொருவன் புதுப் பாடத்தை மழைபோல் ஒப்பிப்பான். பழைய பாடம் கேட்டால் நின்றுவிடுவான். ஒருவன் உஸ்தாத் முகத்தைப் பார்த்தால் மறந்துவிடுவான். அவனைப் பக்கவாட்டில் உட்காரவைத்தே கேட்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத் தமக்கு ஒரு மாதம் ஆயிற்றாம். ஒரு ரமளானில் அந்த ஹஸ்ரத் தராவீஹ் தொழவைக்கும்போது ஒத்த வசனமொன்றில் தாமே வழி தவறிவிட்டார்கள். பின்னாலிருந்து லுக்மா எடுத்துக் கொடுத்த குரல், அந்தப் பக்கவாட்டில் உட்கார்ந்தவனுடைய குரல். மறு ஆண்டு அவனே இமாமாக முன்னே நிற்க, ஹஸ்ரத் பின்வரிசையில் நின்று முழுக் குர்ஆனையும் கேட்டார்கள். இதைச் சொல்லும்போது தொலைபேசியில் சற்று நேரம் பேச்சு வரவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

என் பங்கு கணிதம். எதிர்மறை எண்ணை எதிர்மறை எண்ணால் பெருக்கினால் விடை ஏன் நேர்மறை ஆகிறது என்பதை நான் பல ஆண்டுகள் விதியாகவே சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளும் நம்பினார்கள். ஒரு மளிகைக் கடைக்காரர் மகன் மட்டும் நம்பவில்லை. மூன்று நாள் கழித்து, இரவுப் படிப்பு முடிந்து நான் கதவைச் சாத்தும் நேரத்தில் ஓடிவந்தான். “சார், மொத்த வியாபாரிக்கு அத்தா கொடுக்க வேண்டிய ஐந்து ரூபாய்ச் சீட்டு மூன்றை அவரே கிழித்துப் போட்டுவிட்டால், எங்களுக்குப் பதினைந்து ரூபாய் லாபம்தானே? கடன் எதிர்மறை, கிழிப்பதும் எதிர்மறை!” என்றான். அன்றிலிருந்து நான் அப்படித்தான் அந்தப் பாடத்தை நடத்தினேன். பகல் பள்ளியாக இருந்திருந்தால் அவன் அந்த விடையை வீட்டில் கண்டுபிடித்திருப்பான். மறுநாள் மறந்தும் போயிருப்பான். விடை பிறந்த நிமிடத்தில் அதைக் கேட்க ஆசிரியர் பக்கத்து அறையில் இருந்தார் என்பதே விடுதிப் பள்ளியின் சிறப்பு. எங்கள் அனைவரின் பதிலும் இதில்தான் ஒன்றுசேர்கிறது. பகல் பள்ளி ஆசிரியர் மாணவனின் ஒரு பக்கத்தைக் காண்கிறார். நாங்கள் அவன் தூக்கத்தையும் பசியையும் கோபத்தையும் சேர்த்துக் காண்கிறோம்.

அப்படிக் காணத் தவறியதும் உண்டு. அதையும் சொல்வதே நேர்மை. நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி, பின்னக் கணக்கில் ஐயம் என்றான். “காலையில் வகுப்பில் கேள்” என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் இரவும் வந்தான், அதே பதில்தான். மூன்றாம் நாள் அவன் வரவில்லை. அந்த வார இறுதியில் அவன் சிற்றப்பா வந்து அழைத்துச் சென்றபோதுதான் தெரிந்தது, அவன் அத்தாவுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. யாரோ ஊர்க்காரர் மூலம் செய்தி அறிந்து, சொல்ல வழி தெரியாமல், கணக்கு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். அந்தப் பின்னக் கணக்கு அவன் ஏற்கெனவே சரியாகப் போட்டிருந்த கணக்கு. அத்தா பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். பையன் திரும்பி வந்து பத்தாம் வகுப்பு வரை படித்தான். ஆயினும் அந்த இரண்டு இரவுகளையும் நான் திரும்பப் பெற முடியாது. அதன்பின் இரவில் தட்டப்பட்ட கதவுக்கு நான் ‘காலையில் வா’ என்று சொன்னதில்லை.

நம் ஹஸ்ரத்மார்கள் ஓதிக்காட்டும் ஹதீஸ் ஒன்று இதனோடு தொடர்புடையது. மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள், ஏறத்தாழ ஒரே வயதுடைய இளைஞர் சிலரோடு மதீனா வந்து, இருபது இரவுகள் நபி (ஸல்) அவர்களிடம் தங்கிக் கற்றார்கள். இன்றைய மொழியில் சொன்னால் அவர்கள் விடுதி மாணவர்கள். அவர்கள் தங்கள் குடும்பத்தை எண்ணி ஏங்குவதை அண்ணலார் தாமாகவே உணர்ந்துகொண்டார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பின்னர், ஊர் திரும்பி உங்கள் மக்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்றும், தாம் தொழக் கண்டவாறே தொழுமாறும் சொல்லி அனுப்பிவைத்தார்கள். இது புகாரியில் உள்ளது. அந்த இளைஞர்கள் ஏக்கத்தை வாய்விட்டுச் சொன்னதாக அதில் இல்லை. நான் கதவைச் சாத்திய அந்த இரவுக்குப் பின் இந்த ஹதீஸை வேறு கண்ணோடு கேட்கத் தொடங்கினேன்.

மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கியிருந்த ஸுஃப்பாத் தோழர்களின் வரலாறும் அத்தகையதே. பசியோடு வழியில் அமர்ந்திருந்த அபூஹுரைரா (ரலி) அவர்களின் முகத்தைப் பார்த்தே நபி (ஸல்) அவர்கள் நிலையைப் புரிந்துகொண்டார்கள். கிடைத்த ஒரு கோப்பைப் பாலுக்கு ஸுஃப்பாவினர் அனைவரையும் அழைத்துவரச் சொன்னார்கள். அனைவரும் அருந்தியபின் அபூஹுரைரா (ரலி) அவர்களைத் திரும்பத் திரும்ப அருந்தச் செய்து, எல்லோருக்கும் கடைசியாகத் தாம் அருந்தினார்கள். பிள்ளைகள் உண்டபின் உண்ணும் விடுதிக் காப்பாளர்களை நான் அறிவேன். அவர்களுக்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி வேண்டியதில்லை.

நம் நாட்டு வரலாற்றிலிருந்து ஒன்று சொல்கிறேன். 1869-70இல் இங்கிலாந்து சென்ற ஸர் ஸையித் அஹமது கான் அவர்கள், கேம்பிரிட்ஜில் ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து கற்பதைக் கண்டு, அத்தகைய நிலையமொன்றை நம் மக்களுக்கு அமைக்க விரும்பினார்கள். 1875இல் அலிகரில் பள்ளி தொடங்கியது. 1877இல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1920இல் அது பல்கலைக்கழகமாயிற்று. அக்கல்லூரிக்கு 1883இல் ஷிப்லி நுஃமானி ஆசிரியராக வந்தார்கள். 1888இல் தாமஸ் அர்னால்டு என்னும் ஆங்கிலேயர் தத்துவம் கற்பிக்க வந்தார். ஷிப்லி அவரிடம் பிரெஞ்சு கற்றார்; அர்னால்டு ஷிப்லியிடம் அரபி கற்றார். பகலில் ஆசிரியர்களாக இருந்தவர்கள் மாலையில் ஒருவருக்கொருவர் மாணவர்களாக இருந்தார்கள். இஸ்லாம் உலகில் பரவிய வரலாற்றைப் பற்றி அர்னால்டு எழுதிய புகழ்பெற்ற நூல் அலிகர் நாட்களில்தான், 1896இல், வெளிவந்தது.

1892இல் ஷிப்லி துருக்கி, சிரியா, எகிப்து நாடுகளுக்குப் பயணமானபோது, கப்பலில் பாதி வழி வரை அர்னால்டும் உடன் சென்றார். நடுக்கடலில் கப்பலின் இயந்திரம் பழுதாகி நின்றுவிட்டது. பயணிகள் கலங்கினர். ஷிப்லி பதறி ஓடிச்சென்று பார்த்தால் அர்னால்டு அமைதியாகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். கப்பல் மூழ்குமாயின் மீதமுள்ள நேரம் மிகக் குறைவு, அதை ஏன் வீணாக்க வேண்டும் என்பது அவர் பதிலின் கருத்து. ஷிப்லி அவர்களே தம் பயண நூலில் இதனைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆசிரியர் தாம் கற்பதை நிறுத்திவிட்டால் கற்பிப்பதிலும் இன்பம் போய்விடும். ஆசிரியர்கள் சேர்ந்து வாழும் விடுதிப் பள்ளியில் அந்தக் கற்றல் எளிதாகிறது. நான் ஓரளவு பிழையின்றித் தமிழ் எழுதுவது எங்கள் தமிழாசிரியர் பக்கத்து அறையில் இருந்ததால்தான்.

2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பள்ளி மூடப்பட்டபோது, பிள்ளைகள் இரண்டே நாளில் ஊர் திரும்பிவிட்டார்கள். அதன்பின் கைபேசித் திரையில் பாடம் நடத்தினேன். பாதிப் பிள்ளைகளின் முகம் தெரியாது. பெயர் மட்டும் கறுப்புக் கட்டத்தில் நிற்கும். “புரிகிறதா?” என்றால் “புரிகிறது சார்” என்று குரல் வரும். முப்பது ஆண்டுகளாக அந்தச் சொற்களை நான் நம்பியதில்லை. முகத்தைப் பார்த்தே முடிவு செய்தவன். முகம் இல்லாதபோது என் கையில் பாடத்திட்டம் மட்டுமே இருந்தது. காலியான விடுதியில் ஃபஜ்ருக்கு எழுப்ப யாரும் இல்லாமல் நான் வழக்கமான நேரத்தில் எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

இனி நமது மதரஸாவைப் பற்றி. இங்கே சற்றுக் கண்டிப்பாகப் பேச அனுமதி வேண்டுகிறேன். ஆசிரியர்கள் தம் பணியை நேசிக்கிறார்கள் என்றவுடன், அப்படியானால் குறைந்த சம்பளம் போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள். ‘தீனுக்குச் செய்யும் கித்மத்’ என்று சொல்லி, பத்தாம் தேதி தர வேண்டியதை இருபத்தைந்தாம் தேதி தருகிறோம். கித்மத் என்ற சொல்லை அவர் சொல்லலாம். சம்பளம் கொடுக்க வேண்டிய நாம் சொல்லக் கூடாது. நம்மை விட்டுச் சென்ற மூன்று உஸ்தாதுகளில் இருவரை நான் சந்தித்துப் பேசினேன். சம்பளம் குறைவு என்று ஒருவரும் முதலில் சொல்லவில்லை. ஒருவர், கைக்குழந்தையோடு மனைவி சொந்த ஊரில் இருக்க, தாம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறையே போக முடிந்ததைச் சொன்னார். மற்றவர், பெற்றோர் ஒருவர் பிள்ளைகள் முன்னிலையில் தம்மை உரத்த குரலில் கேள்வி கேட்டதையும், நிர்வாகத்தார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததையும் சொன்னார்.

மாணவர்களைத் தம் சொந்த மக்களைப்போல் கருதிப் பரிவு காட்டுவதை ஆசிரியரின் முதற்கடமையாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யா நூலில் வைக்கிறார்கள். பக்தாதின் நிஜாமியாவில் ஏறத்தாழ முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் அவர்கள், அனுபவத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் தன் சொந்தப் பிள்ளையை இரண்டு மாதத்திற்கு ஒருமுறை பார்க்கும் மனிதரிடம், ஊரார் பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாகப் பார் என்று எந்த முகத்தோடு நாம் கேட்பது?

நமது முன்னோர் இதில் நம்மைவிட விவரமானவர்கள். மதரஸா மாணவர்களுக்கு மஹல்லாவின் வீடுகளிலிருந்து முறை வைத்து உணவு சென்றது. கேரளத்தின் பள்ளி தர்ஸ்களில் மாணவர்கள் அவ்வாறே ஊரார் வீடுகளில் உண்டு ஓதினார்கள். அதனால் உஸ்தாத் யார், பிள்ளைகள் யார் என்று வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. இன்று சமையற்கூடம் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் நம் மதரஸாப் பிள்ளைகளின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

என் கோரிக்கைகள் அதிகமில்லை. மதரஸாவை ஒட்டிய வக்ஃபு வீடு இப்போது சாமான்கள் போட்டுவைக்கும் கிடங்காக உள்ளது. அதைச் சீர்செய்து உஸ்தாத் குடும்பத்தோடு வாழக் கொடுக்க வேண்டும். விடுதியில் வாரத்தில் இரண்டு இரவுகளாவது வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். எனக்கு உடல்நலம் உள்ளவரை அதில் ஓர் இரவை நான் ஏற்றுக்கொள்கிறேன். பெற்றோரின் குறைகள் நிர்வாகத்தின் வழியாகவே உஸ்தாதைச் சேர வேண்டும், அதுவும் தனியறையில்.

தம் மகனுக்குப் புத்தி சொல்லுமாறு கேட்ட சகோதரிக்கு: நான் அவனிடம் பேசினேன். அந்தப் பள்ளியில் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொன்னேன். போய் இன்று நான்காம் நாள். நேற்றிரவு எனக்குத் தொலைபேசியில் பேசினான். பணியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சரியாகச் சாப்பிட மறுக்கிறான், என்ன செய்யலாம் என்று கேட்டான்.

மேற்கண்ட கோரிக்கைகளை எழுத்து மூலமாகச் செயலாளர் அவர்களிடம் கொடுத்துள்ளேன். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே வக்ஃபு வீடு பற்றிய தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டு விடைபெறுகிறேன்.